வீட்டில் செய்த கேம் கார்ட்ரிட்ஜுக்கு லேபிள் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு கேம் எழுதி, சிப்பில் ஏற்றி, பிளாஸ்டிக் ஓட்டுக்குள் பூட்டியாகிவிட்டது. பழைய கன்சோலில் செருகினால் ஓடவும் ஓடுகிறது. ஆனால் முகப்பில் இருப்பது ஒரு வெற்றுப் பள்ளம். அதை நிரப்பும் வேலை பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கார்ட்ரிட்ஜைக் கேசட் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் கேசட் என்றே படித்துக்கொள்ளலாம்.

முதலில் படம் வரையவா, அளவு எடுக்கவா?

அளவு. எத்தனை அழகான படமானாலும் அரை மில்லிமீட்டர் கூடிப்போனால் பள்ளத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்த மூலையிலிருந்துதான் உரியத் தொடங்கும். "பசை சரியில்லை" என்று என்னிடம் கொண்டுவரும் கார்ட்ரிட்ஜ்களை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் பசையில் கோளாறு இருக்காது. லேபிள் ஒரு நூல் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

டிஜிட்டல் வெர்னியர் இருந்தால் பள்ளத்தின் உள் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்கவும். உயரத்தையும் அப்படியே. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது கொஞ்சம் உள்வாங்கும் என்பதால் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. கிடைத்ததில் மிகச் சிறிய எண்ணை எடுத்து அதிலிருந்து 1 மி.மீ. கழியுங்கள். பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளி கிடைக்கும். கண்ணுக்கு அது இடைவெளியாகவே தெரியாது, ஆனால் லேபிளின் ஓரம் எதிலும் உரசாது.

வளைந்த மூலை, மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு அம்புக்குறி என்றெல்லாம் இருந்தால் வெர்னியர் போதாது. அதற்கு ஒரு பள்ளிக்கூட வித்தை இருக்கிறது. காசைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்களே, அதேதான். மெல்லிய தாளைப் பள்ளத்தின்மேல் இறுக்கிப் பிடித்து, பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தால் விளிம்பு கருங்கோடாக எழும்பி வரும். அந்தத் தாளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, அதன்மேல் கோடு இழுத்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜையே ஸ்கேனரில் கவிழ்த்து எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். இப்போதைய மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பிடிக்கும் வகை. ஒரு மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும் பள்ளத்தின் விளிம்பு அதில் மங்கிவிடும். தாளில் தேய்த்ததே மேல்.

ஆயத்த டெம்ப்ளேட் கிடைக்கிறதே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளலாம், நம்பிவிடக் கூடாது. டெம்ப்ளேட் செய்தவர் தன் கையில் இருந்த ஓட்டின் அளவை எடுத்திருப்பார். அது அந்தக் காலத்து அசலாக இருக்கலாம். உங்கள் கையில் இருப்பது புதிதாக வார்த்து விற்கும் மாற்று ஓடாக இருக்கலாம். இரண்டும் ஒரே கன்சோலில் நுழையும், ஆனால் லேபிள் பள்ளம் ஒரே அளவில் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

கன்சோலுக்குக் கன்சோல் லேபிள் எப்படி மாறும்?

நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலாக 1989இல் வந்த கேம்பாய்தான் புதியவர்களுக்கு எளிது. முகப்பில் ஒரே லேபிள், ஏறத்தாழ 42 × 37 மி.மீ., தட்டையான பள்ளம். டிவியில் இணைத்து விளையாடும் நின்டெண்டோ கன்சோலான என்இஎஸ்ஸின் கார்ட்ரிட்ஜில் முகப்பு லேபிள் மேல் விளிம்பைத் தாண்டி மடிந்து உச்சிக்குப் போகும். அலமாரியில் அடுக்கும்போது கேமின் பெயர் தெரிவது அந்த மடிப்பில்தான். அதனால் என்இஎஸ்ஸுக்கு அளவு எடுக்கும்போது மூன்று எண் வேண்டும்: முகப்பின் உயரம், உச்சியின் ஆழம், மடியும் இடம். 1977இல் வந்த அட்டாரி 2600இல் முகப்புக்கு ஒன்று, உச்சி விளிம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இரண்டு.

மற்றவை எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் சாயலில்தான் இருக்கும். அளந்தால் தெரிந்துவிடும்.

எத்தனை பிக்சலில் வரைய வேண்டும்?

மி.மீ. அளவை 25.4ஆல் வகுத்து டிபிஐயால் பெருக்கவும். 42 மி.மீ. அகலம் 300 டிபிஐயில் 496 பிக்சல், 600இல் 992. ஓவியமோ புகைப்படமோ என்றால் 300 போதும். பொடி எழுத்து, மெல்லிய கோடு, பிக்சல் ஓவியம் இருந்தால் 600 வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சின்னப் படத்தை எடுத்து 600க்கு இழுத்துப் பெரிதாக்கினால் பெரிய மங்கல் படம்தான் கிடைக்கும்.

எழுத்தையும் சின்னங்களையும் முடிந்தவரை வெக்டராகவே, அதாவது பிக்சலாக இல்லாமல் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோடுகளாகவே, வைத்திருங்கள். இந்தக் கணக்கே அவற்றுக்குத் தேவையில்லை.

கேமின் திரைக்காட்சியையே லேபிளில் போட நினைக்கிறேன். ஏன் கலங்கலாக வருகிறது?

இரண்டு காரணம். முதலாவது, பெரிதாக்கும்போது மென்பொருள் பிக்சல்களுக்கு இடையே நிறத்தைக் கலந்து மெழுகிவிடுகிறது. பெரிதாக்கும் முறையில் 'நியரஸ்ட் நெய்பர்' என்றோ 'நன்' என்றோ ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பிக்சலும் கூர்மையான சதுரமாகவே வளரும். இரண்டாவது, 2.7 மடங்கு, 3.4 மடங்கு என்று உடைந்த எண்ணில் பெரிதாக்குவது. அப்படிச் செய்தால் சில பிக்சல் மூன்று கட்டமும் சில பிக்சல் நான்கு கட்டமுமாகி, நேர்க்கோடு குடித்தவன் நடைபோல் ஆகிவிடும். 2, 3, 4 என்று முழு மடங்கில் மட்டும் பெரிதாக்குங்கள்.

கேம்பாயில் இது வேடிக்கையாகப் பொருந்திவரும். அதன் திரை 160 × 144 பிக்சல். மூன்று மடங்காக்கினால் 480 × 432. 300 டிபிஐயில் அச்சிட்டால் 40.6 × 36.6 மி.மீ. லேபிளோ 42 × 37. கிட்டத்தட்ட அதற்கென்றே தைத்த சட்டை! சுற்றிலும் மீதமுள்ள இடத்துக்குப் படத்தின் ஓர நிறத்தையே நீட்டிவிட்டால் முடிந்தது. முகப்புத் திரையில் கேமின் பெயர் ஏற்கெனவே இருந்தால் தனியாக எழுதவும் வேண்டாம். கேம்பாய் கேம் உருவாக்கும் மென்பொருளான ஜிபி ஸ்டுடியோவில் முதல் கேம் செய்தவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

என்இஎஸ் படமென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் 256 × 240 படத்தில் பிக்சல்கள் டிவியில் சதுரமாகத் தெரியாது. 8:7 என்ற விகிதத்தில் கொஞ்சம் அகலமாகத் தெரியும். கணினியில் எடுத்த படத்தை அப்படியே அச்சிட்டால் கதாநாயகன் இளைத்துப் போயிருப்பார். முதலில் முழு மடங்கில் நன்றாகப் பெரிதாக்கிவிட்டு, அதற்குப் பிறகு அகலத்தை மட்டும் 8/7 மடங்கு இழுத்தால் உடைசல் கண்ணுக்குத் தெரியாது.

ஓரத்தில் வெள்ளைக்கோடு விழுகிறதே?

வெட்டும் கத்தி கால் மி.மீ. விலகியிருக்கும். யார் வெட்டினாலும் விலகும். அதனால்தான் படத்தை வெட்டுக்கோட்டோடு நிறுத்தாமல் சுற்றிலும் 1 மி.மீ.யாவது வெளியே நீட்டி வரைகிறோம். அச்சுத் தொழிலில் பிளீடு என்பார்கள். கேம்பாய் லேபிளென்றால் வரையும் பரப்பு 44 × 39. உள்பக்கமும் அதே கணக்கு உண்டு. முக்கியமான எழுத்து எதையும் வெட்டுக்கோட்டிலிருந்து ஒன்றரை மி.மீ.க்குள் வைக்க வேண்டாம். சுற்றிலும் மெல்லிய சட்டக்கோடு போடும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வெட்டுப்பட்டால், அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த மென்பொருள்?

கையில் பழகியது எதுவும். இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பில் மி.மீ.யிலேயே வேலை செய்யலாம், பிடிஎஃப் ஆகவும் எடுக்கலாம். படத்தைத் திருத்த ஜிம்ப், வரைய கிரிட்டா. அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பு பிடிஎஃப் ஆக இருக்கட்டும். படக்கோப்பாகக் கொடுத்தால் அளவு கைமாறக் கைமாற எங்கேயாவது தொலைந்துபோகும்.

கேமின் பெயரைத் தமிழில் போடலாமா?

தாராளமாக. ஆங்கில ஆர்கேட் எழுத்துரு போட்ட லேபிள்களின் நடுவே அது தனியாகத் தெரியும். மூன்று விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்தில் எட்டு எழுத்து உட்காரும் இடத்தில் தமிழில் ஐந்துதான் உட்காரும். லேபிளுக்காகவாவது பெயரைச் சின்னதாக வையுங்கள். அடுத்து, புள்ளியும் சுழியும். ஏழு பாயின்ட்டுக்குக் கீழே போனால் 'ண', 'ணி', 'ன்' எல்லாம் மை ஊறி அடைபட்டுப்போகும். கனமான எழுத்துருவில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கட்டமரன், முக்த மலர், பலூ தம்பி போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் நடுத்தரக் கனத்தை எடுத்துப் பாருங்கள். கடைசியாக, சில மென்பொருள்கள் இன்றைக்கும் கொம்பைத் தப்பான பக்கம் கொண்டுபோய் வைக்கும். 'கொ' என்று அடித்தால் க முன்னாலும் கொம்பு பின்னாலுமாக நிற்கும். திரையில் சரியாக வந்ததும் எழுத்தை வெக்டர் பாதையாக (பாத்) மாற்றிவிடுங்கள். வேறு கணினியில் திறந்தாலும் குலையாது.

இங்க்ஜெட்டா, லேசரா?

வண்ணப் படத்துக்கு என் ஓட்டு இங்க்ஜெட்டுக்கு. நிறங்கள் இழைந்து வரும், ஸ்டிக்கர் தாள்களிலும் நிறைய வகை கிடைக்கும். அதிலும் டை மை, பிக்மென்ட் மை என்று இரண்டு உண்டு. டை மை பளிச்சென்று இருக்கும், ஆனால் ஈரக்கை பட்டால் கசியும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் மை கொஞ்சம் அடங்கிய நிறம், ஆனால் தாங்கும். உங்கள் பிரிண்டரில் எது என்று தெரியாவிட்டால், அச்சிட்டு ஒரு நாள் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள்.

லேசரில் மை கிடையாது, டோனர் தூள்தான். வெப்பத்தில் உருகித் தாளின் மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு அஞ்சாது. பொடி எழுத்து கூர்மையாக வரும். ஆனால் மடித்தால் வெடிக்கும். என்இஎஸ் லேபிளை லேசரில் அடித்து உச்சியில் மடித்தால், மடிப்பு நெடுக வெள்ளை விரிசல் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. இங்க்ஜெட்டுக்கான வினைல் ஷீட்டை லேசர் பிரிண்டரில் போடவே கூடாது. உள்ளே இருக்கும் உருளையின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். வினைல் அதில் உருகிச் சுற்றிக்கொண்டால் லேபிளோடு பிரிண்டரும் போச்சு.

எந்தத் தாள்?

முதல் முயற்சிக்கு வெள்ளை வினைல் ஸ்டிக்கர் ஷீட், மேட் அல்லது பளபளப்பு. கிழியாது, மடிந்துகொடுக்கும், தப்பாக ஒட்டினால் மெதுவாக உரித்து மறுபடி ஒட்டலாம். சாதா காகித ஸ்டிக்கர் ஒரு வாய்ப்புதான் தரும்.

ஒளி ஊடுருவும் ஷீட்டைப் பார்த்துப் பலரும் மயங்குவார்கள். வீட்டுப் பிரிண்டர்களில் வெள்ளை மை இல்லை. படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் அச்சில் வெறுமைதான். கறுப்பு ஓட்டின்மேல் அதை ஒட்டினால் படம் இருட்டில் கரைந்துவிடும்.

பிரிண்ட் செட்டிங்கில் தாளின் வகையை மாற்ற மறக்காதீர்கள். எவ்வளவு மை விட வேண்டும் என்பதை பிரிண்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. சாதாத் தாள் என்று விட்டுவிட்டு வினைலில் அடித்தால் மை திட்டுத்திட்டாகத் தேங்கும், அல்லது வெளிறிப்போகும்.

திரையில் இருந்த நீலம் அச்சில் ஊதாவாக வருகிறது. ஏன்?

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். ஒளியில் வரும் எல்லா நிறமும் மையில் வராது. பளீர் நீலம் ஊதாப் பக்கம் சாயும், ஒளிரும் பச்சை மங்கும். பழைய கேம் படங்களில் இந்த இரண்டு நிறமும்தான் அதிகம் என்பது நம் துரதிர்ஷ்டம். நீலத்தில் சிவப்புச் சாயலைக் குறைத்து, கொஞ்சம் ஆகாய நீலப் பக்கம் தள்ளி வைத்தால் அச்சில் நீலமாக வரும்.

வீட்டுப் பிரிண்டருக்கு அனுப்பும் கோப்பை அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பிரிண்டரின் டிரைவர் திரையின் நிறமுறையான ஆர்ஜிபியை எதிர்பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும். நாம் ஒருமுறை, அது ஒருமுறை என்று மாற்றினால் நிறம் இரட்டிப்பாகக் கெடும். அச்சகத்துக்குக் கொடுப்பதென்றால் அவர்கள் கேட்பதைக் கொடுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் லேபிள் சிறுத்து வந்திருக்கிறது.

பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட் டு பேஜ்' தேர்வாகி இருக்கும். அதை 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100% என்று மாற்ற வேண்டும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை பன்னிரண்டு லேபிளை ஒரே ஷீட்டில் அடுக்கி, வெளியே ஓர் அச்சுக்கடையில் கொடுத்தேன். அருமையான அச்சு, நிறமெல்லாம் நான் நினைத்தபடி. வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து பன்னிரண்டையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் முதல் லேபிளைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். அகலத்தில் ஒன்றேகால் மி.மீ. குறைவு. கோப்பு 97 சதவீதத்தில் அச்சாகியிருந்தது. 42 மி.மீ. 40.7 ஆகியிருந்தது. கடைக்காரர் வழக்கமாக எல்லாக் கோப்பையும் தாளுக்குப் பொருத்தித்தான் அடிப்பாராம். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு இரண்டு போட்டுவிடுகிறேன், ஒன்று படுக்கை, ஒன்று நெடுக்கை. முதலில் சாதாத் தாளில் அச்சிட்டு ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். 97 வந்தால் பொருத்து வேலை நடந்திருக்கிறது. படுக்கைக்கோடு 100, நெடுக்கைக்கோடு 99.5 என்று வந்தால் பிரிண்டர் தாளை இழுப்பதில் சிறு பிசகு. கோப்பில் உயரத்தை மட்டும் அரை சதவீதம் கூட்டினால் போதும். அப்புறம் அந்தச் சாதாத் தாள் லேபிள் ஒன்றை வெட்டிப் பள்ளத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வினைலைத் தொடுவேன்.

லேமினேஷன் அவசியமா?

கையில் எடுத்துச் செருகி விளையாடும் பொருள் என்றால் அவசியம்தான். சூடு தேவைப்படாத, தானே ஒட்டும் லேமினேஷன் ஃபிலிம் போதும். பழைய லேபிள்களின் பளபளப்பு வேண்டுமா, மங்கிய அழகு வேண்டுமா என்பதையும் இதில்தான் முடிவு செய்கிறீர்கள். படத்தில் கறுப்பு அதிகமென்றால் மேட் ஃபிலிம் அதைக் கொஞ்சம் சாம்பலாக்கிவிடும், சொல்லிவிடுகிறேன்.

இங்க்ஜெட் அச்சென்றால் ஒரு நாள் காயவிட்டு அதன்பின் ஃபிலிம் போடுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே மூடினால் சில நாளில் பொடிக் குமிழிகள் எழும். வரிசை: அச்சு, காயவிடுதல், லேமினேஷன், கடைசியில் வெட்டு. வெட்டிய பிறகு லேமினேஷன் போட முயன்றவர்கள் அதை இரண்டாம் முறை செய்வதில்லை.

கத்தரிக்கோல் போதுமா?

போதாது. ஸ்டீல் ஸ்கேல், கூரான கத்தி, கட்டிங் மேட், இந்த மூன்றும் வேண்டும். பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு வினைலை வெட்டாது, இழுக்கும்.

ஸ்கேலை லேபிளின்மேல் வைத்து வெட்டுங்கள், வெளிப்பக்கம் வைக்காதீர்கள். கத்தி தப்பித்தவறி வழுக்கினால் வெளியே உள்ள வீண் பகுதியில்தான் போகும், படம் தப்பிக்கும். ஒரே அழுத்தில் ஆழமாக வெட்டுவதைவிட, லேசாக இரண்டு மூன்று முறை அதே தடத்தில் ஓட்டுவது நேராக வரும். நான்கு கோடும் முடிந்த பிறகு மூலைகளை கார்னர் பஞ்ச்சில் உருட்டலாம். வளைவின் ஆரம் ஓட்டின் வளைவோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் சாதாத் தாளில் குத்திப் பாருங்கள். கூரான மூலைதான் முதலில் தூக்கும் என்பதால், பள்ளம் சதுர மூலையாக இருந்தாலும் அரை மி.மீ. உருட்டிவிடுவது என் வழக்கம்.

இருபது முப்பது என்று செய்வதென்றால் கிரிகட், சிலுவெட் மாதிரி வெட்டும் இயந்திரம் கை கொடுக்கும். தாளில் அச்சான அடையாளக் குறிகளை அதன் சென்சார் படித்து, படத்தோடு பொருத்தி வெட்டும். பளபளப்பான லேமினேஷன் அந்தக் குறிகளின்மேல் வந்தால் சென்சார் தடுமாறும். குறிகள் உள்ள இடத்தில் மட்டும் ஃபிலிமை வெட்டி எடுத்துவிடுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜின் லேபிளை எப்படி எடுப்பது?

எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். மாற்று ஓடு புதிதாகக் கிடைக்கும்போது, நல்ல நிலையில் இருக்கும் அசலைக் கிழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிழிந்து கந்தலான லேபிள் என்றால் சரி, ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்புங்கள். அவசரப்பட்டால் மேல்தாள் மட்டும் வந்து பசை தங்கிவிடும். தங்கிய பசைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்துத் துடைத்தால் திரண்டு வரும்.

நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் கூடாது. பெரும்பாலான ஓடுகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோன் அதைக் கரைக்கும். துடைத்த இடம் பிசுபிசுவென்று வெளுத்து நிற்கும், திரும்பாது.

ஒட்டும்போது கோணிக்கொள்கிறது. ஏதாவது உபாயம்?

பள்ளத்தை ஆல்கஹாலில் துடைத்து உலரவிட்டு, அதன்பின் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேபிளின் பின்தாளை முழுவதும் உரிக்காமல், மேல் ஓரத்தில் 5 மி.மீ. மட்டும் உரித்துப் பின்னால் மடித்துவிடுங்கள். இப்போது லேபிளைப் பள்ளத்தில் வைத்து நகர்த்தலாம், திருப்பலாம், அந்த ஒரு கீற்று மட்டும்தான் பசையோடு இருக்கிறது. இடமும் வலமும் இடைவெளி சமமாகத் தெரிகிற வரை பொறுமையாக இருங்கள். பிறகு அந்தக் கீற்றை அழுத்திவிட்டு, மீதிப் பின்தாளைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே மறு கை விரலில் துணி சுற்றி நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டு வாருங்கள். காற்று முன்னால் ஓடிக்கொண்டே போகும்.

பெரிய வினைல் லேபிளென்றால் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைப் பள்ளத்தில் லேசாகத் தெளித்து ஒட்டுபவர்களும் உண்டு. லேபிள் வழுக்கிக்கொண்டு நகரும், சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் அதை வெற்று ஓட்டில் மட்டும் செய்யுங்கள், உள்ளே போர்டு இருக்கும்போது வேண்டாம்.

என்இஎஸ் மடிப்பை முன்கூட்டியே நகத்தால் கீறி மடிக்காதீர்கள். முகப்பை ஒட்டி முடித்து, விளிம்பில் லேசாகச் சூடு காட்டி, வளைத்து உச்சியில் படியவையுங்கள்.

3டி பிரிண்ட் செய்த ஓட்டில் லேபிள் நிற்குமா?

அப்படியே ஒட்டினால் நிற்காது. அடுக்கு வரிகளின் முகடுகளில் மட்டும்தான் பசை தொடும். பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள், முதலில் 200, பிறகு 400. தூளை நன்றாகத் துடைக்கவும். ஓடு பிஎல்ஏ (3டி பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிளாஸ்டிக்) என்றால் ஹேர் டிரையரை எடுக்காதீர்கள். 60 டிகிரியிலேயே அது இளகத் தொடங்கும்.

லேபிளை எந்தக் கட்டத்தில் ஒட்ட வேண்டும்?

கேமைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு. கேம்பாய், என்இஎஸ் ஓடுகளில் திருகு பின்பக்கம் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். பல அட்டாரி 2600 ஓடுகளில் திருகு முகப்பு லேபிளுக்கு அடியிலேயே இருக்கும். ஒட்டிய பிறகு பிழை கண்டுபிடித்தால் உங்கள் லேபிளில் நீங்களே ஓட்டை போட வேண்டியதுதான்.

உள்ளே இருக்கும் சிப்புக்கும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்களே?

சிப்பின் முதுகில் வட்டமான கண்ணாடிச் சன்னல் இருந்தால் அது புற ஊதா ஒளியில் அழியும் ஈப்ராம். சன்னலைத் திறந்தே விட்டால், தொடர்ந்து படும் நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், அறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் மூன்று ஆண்டு வாக்கிலும் உள்ளே இருப்பது அழிந்துபோகலாம் என்று அந்தச் சிப்புகளின் தரவுத்தாள்களே சொல்லும். ஓடு மூடியிருக்கும்போது பயமில்லை. ஆனால் இப்போது உள்ளே தெரியும் கண்ணாடி ஓடுகள்தானே எல்லாருக்கும் பிடிக்கிறது! ஒளி புகாத ஸ்டிக்கரை, முடிந்தால் அலுமினியப் படலம் உள்ளதை, சன்னலின்மேல் ஒட்டி, அதில் கேமின் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். கேமில் திருத்தம் செய்து மறுபடி ஏற்றும்போது எது எந்தப் பதிப்பு என்று தேட வேண்டியிருக்காது.

பழைய கேம்களின் லேபிளை அப்படியே நகல் எடுக்கலாமா?

உங்களிடம் உள்ள கார்ட்ரிட்ஜில் கிழிந்ததற்கு மாற்றாக ஒட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களுக்கும் சின்னங்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு என்பது அப்போதும் மாறாது. விற்பது என்று வந்துவிட்டால் பேச்சே வேறு. அசல் என்று நம்பி வாங்குபவரை ஏமாற்றும் வேலை அது. கேம்பாய் அசல் லேபிள்களில் தொழிற்சாலையில் அழுத்திய இரண்டிலக்க எண் ஒன்று தடவினால் தட்டுப்படும். சேகரிப்பவர்கள் அசலை அதை வைத்தும் சோதிப்பார்கள். அதையும் போலி செய்ய வழி கேட்டு வருபவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

சொந்த கேமின் லேபிளிலும் கன்சோல் நிறுவனத்தின் முத்திரை, தரச்சான்று வட்டம் இதெல்லாம் வேண்டாம். அந்தக் காலத்து அழகு வேண்டுமென்றால் நிறப்பட்டை, எழுத்தின் சாய்வு, மூலையில் ஒரு வட்டம் என்று அந்தச் சாயலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் ஏதாவது ஒட்ட வேண்டுமா?

கட்டாயமில்லை. நான் ஒரு விரல் அகலத்துக்குச் சின்ன லேபிள் ஒட்டுகிறேன். கேமின் பெயர், 'வீட்டில் செய்தது', ஆண்டு, பதிப்பு எண், எந்தக் கன்சோலில் ஓடும் என்பது, சேமிப்புக்கு உள்ளே பட்டன் பேட்டரி இருந்தால் அதன் எண்ணும் மாற்றிய தேதியும். திருகின்மேல் படாமல் ஒட்டுங்கள்.